கரிசல் மண்ணும் காரின் வில்லும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தெற்கே வந்து, அருப்புக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து திருச்சுழிக்கோ நரிக்குடிக்கோ பரளச்சிக்கோ பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு, அதுவரை தம் வாகனத்தின் அடியில் வில் என்று ஓர் உறுப்பு இருப்பதே நினைவில் இல்லாதிருந்தாலும், சில நிமிஷங்களுக்குள் அந்த நினைவு வந்தே தீரும். சாலையே இல்லாத பிரதேசம் அன்று இது. தார்ச்சாலைகள் உண்டு, அவை அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதும் உண்டு. ஆனால் அந்தச் சாலைகளைத் தாங்கி நிற்கும் மண் கரிசல். மழை பெய்தால் நீரை உறிஞ்சிப் பருப்பதும், வெயில் ஏறினால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும் அதன் இயல்பு. மான்ட்மோரில்லோனைட் என்று பூமி சாஸ்திரிகள் குறிப்பிடும் களிமண் வகை அதில் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம்; அந்தக் களிமண்ணின் நுண்ணிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது, நீர் வற்றியதும் அடுக்குகள் மீண்டும் நெருங்கி உட்காருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பருப்பதும் சித்திரை, வைகாசியில் சுருங்குவதுமாக இந்த ஏற்ற இறக்கம் வருஷந்தவறாமல் நடக்கும்போது, மேலே கிடக்கும் சாலை ஓரிடத்தில் எழும்பியும் ஓரிடத்தில் அமுங்கியும் அலை அலையாக நெளிந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்துக்கு ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத இந்த நெளிவுக்குக் குறைக்கமாட்டார். ஆகையால், ஒரு நாள் ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து வில் ஒடிந்தது என்று நாம் சொல்லும்போது, அந்தப் பள்ளத்தின்மேல் அதன் பங்குக்கு மேற்பட்ட பழியைச் சுமத்துகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, பல்லாயிரம் தடவை அமுங்கி நிமிர்ந்து, அந்த வில் உள்ளுக்குள் ஒடிந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பழைய கார்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பழமையின்மேல் உள்ள மோகம் மட்டும் அன்று. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் போட்டு, ஒரு வருஷம் விளைந்தால் மறு வருஷம் பொய்க்கும் வரும்படியை வைத்துக்கொண்டு, புதுக் காருக்கு மாதத் தவணை கட்டுவது எல்லாருக்கும் சாத்தியமல்ல. 2014ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும், அதே வருஷத்தில் விடைபெற்ற மாருதி 800ம், 2019 வரை வந்துகொண்டிருந்த ஆம்னியும் ஆகையால்தான் இங்கே மதிப்பு இழக்காமல் இருக்கின்றன. தறிக்குப் பாவும் நூலும் ஏற்றிச் செல்வதும், சந்தைக்கு மிளகாய் மூட்டை கொண்டு போவதும், ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழிக்குத் திருமேனிநாதரைத் தரிசிக்க வரும் உறவினரை ரயிலடியிலிருந்து அழைத்து வருவதும், நடுநிசியில் வலி கண்ட பெண்ணை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் ஒரே வண்டியாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் வில்லைப்பற்றி அதன் சொந்தக்காரர் அறிந்திருப்பது அவசியம் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வருவதற்கு முன்பே கரிசல் காட்டுக்கு வில் வந்துவிட்டது. பருத்திப் பொதி ஏற்றும் பாரவண்டிக்கு வில் கிடையாது. அச்சின்மேல் நேராகப் பாரம் உட்கார்ந்திருக்கும், சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அதிர்ச்சி முழுவதும் ஏறியிருப்பவர் முதுகெலும்புக்கே போய்ச் சேரும். வசதியுள்ள குடும்பங்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போக வைத்திருந்த கூண்டு வைத்த வில்வண்டியிலோ, அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில் இருந்தது. இத்தகைய பட்டை வில்களின்மேல் வண்டியை அமர்த்தும் முறைக்கு ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் 1804ல் உரிமை பெற்றார். அதற்கும் முன்பு, 1678ல், ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி வில்லின் அடிப்படை விதியை வெளியிட்டிருந்தார்: எந்த அளவுக்கு அதை அமுக்குகிறோமோ அல்லது நீட்டுகிறோமோ அந்த அளவுக்கே அது எதிர்த்துத் தள்ளும் என்பது அது. ஆனால் அந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டி அமுக்கினால் எஃகு பழைய உருவத்துக்கு முழுவதும் திரும்புவதில்லை. வருஷக்கணக்காக அதிகப் பாரத்தைச் சுமந்த வண்டியின் பின்பாகம் வெறும் வண்டியாக நிற்கும்போதுகூடத் தாழ்ந்து கிடப்பதன் ரகசியம் இதுவே. அதன் வில் ஒடியவில்லை, தளர்ந்துவிட்டது.

எந்தக் காரில் எந்த வில் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலக் காரை ஆதாரமாகக் கொண்டு கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தயாரான அம்பாசடரில், பின்புறம் பட்டை வில்லும், முன்புறம் முறுக்குக் கம்பியும் இருக்கின்றன. ஃபியட் என்றே நம்மவர் இன்றும் அழைக்கும் பிரீமியர் பத்மினியில் முன்புறம் சுருள் வில், பின்புறம் பட்டை வில். சென்னையை அடுத்த வண்டலூரில் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பின்புறப் பட்டை வில் காரின் நீளவாட்டில் இல்லாமல் குறுக்காக அமைந்திருந்தது. அதைக் கழற்ற அதற்கென்றே உபகரணம் வேண்டும். 1983ன் இறுதியில் வந்த முதல் மாருதி 800ல் பின்புறம் பட்டை வில்தான். மூன்று வருஷம் கழித்து வந்த புது மாதிரியில் அது சுருள் வில்லாயிற்று. ஆம்னியோ முன்னே சுருள் வில்லும் பின்னே பட்டை வில்லுமாகக் கடைசிவரை ஓடியது.

இவற்றில் பட்டை வில்லுக்கு ஒரு விசேஷப் பொறுப்பு உண்டு. சுருள் வில் பாரத்தைத் தாங்குவதோடு நின்றுவிடுகிறது. சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்க வேறு கைகள் இருக்கின்றன. பட்டை வில்லோ பாரத்தையும் தாங்கி, பின் அச்சு முழுவதையும் அதன் ஸ்தானத்தில் பிடித்தும் வைக்கிறது. இரு முனையிலும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும் மெயின் பட்டை வளையத்தருகில் ஒடிந்துபோனால், அச்சு அந்தப் பக்கத்தில் பின்னுக்கு நகர்ந்து, கார் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சாய்ந்து ஊர்கிறது. நான்குவழிச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கீழே உள்ள சிறு பட்டை ஒன்று ஒடிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டு போகலாம். மெயின் பட்டை ஒடிந்த காரை அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

எஃகு ஏன் ஒடிகிறது? கட்டுக்கம்பியை விரலால் ஒரு தடவை வளைத்தால் அது ஒடிவதில்லை. இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே என்ஜினியர் 1850களிலும் 1860களிலும் ரயில் அச்சுகளை வைத்து நெடுங்காலம் பரிசோதித்து, ஒரே தடவையில் ஒடிக்கத் தேவையான பாரத்தைவிட எவ்வளவோ குறைந்த பாரமும், போதிய தடவை திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் உலோகத்தை ஒடித்துவிடும் என்பதை நிரூபித்தார். அந்த ஒடிவு மேற்பரப்பில் உள்ள ஒரு சிறு வடுவிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறது: துருப்பிடித்த குழி, உளி பட்ட கீறல், போல்ட் நுழையும் துளையின் விளிம்பு. ஒடிந்த வில்லைக் கையில் எடுத்து அதன் முகத்தைக் கவனித்தால் அதன் சரித்திரம் முழுவதும் அங்கே எழுதியிருக்கும். ஒரு பாகம் கறுத்துத் துருவேறி வழவழப்பாக இருக்கும். மற்றொரு பாகம் சர்க்கரைப் பொடி நிறத்தில் மினுங்கும். மினுங்குகிற பாகம்தான் இன்று ஒடிந்தது. கறுத்த பாகம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பிளந்துகொண்டு வந்தது. பட்டறையில் வில்லை மாற்றக் கொடுக்கிறவர்கள் பழைய துண்டைக் கேட்டு வாங்கி ஒரு தடவையாவது இப்படிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கரிசல் பாதையில் ஓடும் காருக்கு இரண்டு இடங்கள் அபாயமானவை. ஒன்று, சுருள் வில்லின் அடிச்சுற்று. மழைக்காலத்தில் அப்பும் கரிசல் சேறு வில் உட்காரும் கிண்ணத்தில் படிந்து, மேலே காய்ந்தாலும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வில்லின் வர்ணப்பூச்சு உராய்ந்து போன அந்த இடத்தில் துரு பிடித்து அடிச்சுற்று ஒடிகிறது. மழை ஓய்ந்ததும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் வில் உட்காரும் கிண்ணத்தையும் நீர் பாய்ச்சிக் கழுவிவிட்டால், செலவில்லாமல் வில்லின் ஆயுள் நீளும். இரண்டாவது, பட்டை வில்லின் நடுத்துளை. பட்டைகளை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட்டுகள் தளர்ந்துவிட்டால், அசையக்கூடாத நடுப்பாகமும் அசையத் தொடங்கி, துளை இருப்பதாலேயே பலம் குறைந்த அவ்விடத்தில் பட்டை பிளக்கிறது. நடுவில் ஒடிந்த பட்டையைக் கண்டால் யு போல்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதுப் பட்டையைப் போட்டுப் பழைய யு போல்ட்டையே மாட்டி அனுப்பினால், அதே துளையில் மறுபடியும் ஒடியும்.

வில்லைப் பரீட்சிப்பதற்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவையில்லை. சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்புவரை டேப்பால் அளக்க வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடியில் குனிந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கடகடவென்ற ஒலி, டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்வது, பின்புறம் தாழ்ந்துபோனதால் முன்விளக்கின் ஒளி மேலேறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்வது ஆகியவை பிற அறிகுறிகள். காரின் மூலையை அமுக்கிவிட்டால் அது நிற்காமல் ஆடுகிறதென்றால் குற்றம் வில்லினுடையது அல்ல, ஷாக் அப்சார்பருடையது. ஆட்டத்தை அடக்குவது அதன் வேலை, பாரத்தைத் தாங்குவது வில்லின் வேலை. ஆனால் ஷாக் அப்சார்பர் செத்துப்போன காரில் வில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பலமுறை அமுங்கி எழுவதால் அதன் ஆயுளும் குறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்பது புத்திசாலித்தனம்.

இனி, நான் மிகவும் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒரு வழக்கம். “அண்ணாச்சி, அடிக்கடி லோடு ஏத்துறீங்க, ஒரு பட்டை கூடப் போட்டுருவோமா?” என்று பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடு கேட்பார், சொந்தக்காரரும் மகிழ்ச்சியோடு தலையசைப்பார். பட்டை வில்லின் விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறுகிறது. கனத்துக்கோ அதன் மும்மடிப் பெருக்கத்தின்படி ஏறுகிறது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளுக்குப் பதில் 7 மில்லிமீட்டர் கனமுள்ளவற்றைப் போட்டால் வில் ஏறக்குறைய அறுபது சதவிகிதம் விறைத்துப்போகும். வில் வளையாத அதிர்ச்சி எங்கும் மறைந்துவிடுவதில்லை. அச்சுக்கும், பேரிங்குக்கும், காரின் உடம்பில் வில் மாட்டப்பட்டிருக்கும் தகட்டுக்கும் அது போய்ச் சேருகிறது. துருவேறிய பழைய உடம்பில் அந்தத் தகடே பிய்ந்துகொண்டு வந்தால், அந்தப் பழுது வில் மாற்றுவதுபோல் சுலபமானதல்ல. பாரத்தைக் குறைப்பதே இதற்கு உண்மையான மருந்து. அல்லது பாரத்துக்கென்றே செய்த வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம்.

ஒடிந்த பட்டையையோ சுருளையோ வெல்டிங் வைத்து ஒட்டுவது அதைவிடக் கொடிய தவறு. வில்லுக்கான எஃகு சிலிக்கனும் மாங்கனீஸும், அல்லது குரோமியமும் கலந்தது. அதை 850 டிகிரிக்கு மேல் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி, பிறகு அதைவிடக் குறைந்த உஷ்ணத்தில் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதம்தான் வில்லின் உயிர். வெல்டிங்கின் உஷ்ணம் ஒட்டின் இரு புறத்திலும் அதைப் போக்கிவிடுவதால், ஒட்டு நின்றாலும் அதன் அருகே ஒடியும். தளர்ந்த பட்டைகளைக் கழற்றிச் சூடேற்றாமல் பட்டடைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி வளைவை மீட்கும் கைவேலை வேறு. பழைய காருக்குப் புது வில் கிடைக்காத நிலையில், கை தேர்ந்தவர் செய்தால் அது சில காலம் தாங்கும். அதே பட்டையை உலையில் போட்டு வளைத்துவிட்டு, பதம் மீட்காமல் மாட்டுவதை மட்டும் ஒப்புக்கொள்ளலாகாது. ஒடிந்த பட்டை வீண்போவதும் இல்லை. வாகனப் பட்டை எஃகு அரிவாளுக்கு உகந்தது என்பதை நம் கொல்லர்கள் நெடுநாளாக அறிவார்கள். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியும் இங்கிருந்து அதிக தூரமில்லை.

வில்லை வாங்கும்போது ஒரே அச்சின் இரு புறத்துக்கும் ஜோடியாக வாங்க வேண்டும். ஒரு புறம் புதியதும் மறுபுறம் தளர்ந்ததுமாக இருந்தால் கார் சாய்ந்தே நிற்கும். பிரேக் அழுத்தும்போது ஒரு புறம் இழுக்கும். உடைத்த காரிலிருந்து எடுத்த வில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எத்தனை மழைக்காலம் பார்த்தது என்பதை யாரும் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் அதை வாங்க நேர்ந்தால், கம்பித் தூரிகையால் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குழியோ மயிரிழைப் பிளவோ இருப்பதை ஒதுக்கிவிட வேண்டும்.

பட்டை வில்லை மாற்றும் வேலை கடினமானதன்று, பொறுமை கேட்பது. முதல் நாளே போல்ட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைப்பது பாதி சிரமத்தைக் குறைக்கும். கரிசல் தரையில் ஜாக்கி வைப்பதைப்போல் ஆபத்தானது வேறில்லை. காலையில் உறுதியாகத் தோன்றிய மண் பாரத்தில் சரிந்துவிடும். ஆகையால் சிமெண்டுத் தரையில், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரைத் தூக்கி, வில்லின் முன்முனைக்குச் சற்று முன்னால் உடம்பின் பலமான பாகத்தை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இறக்கி நிறுத்த வேண்டும். காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றத்தான். அதை நம்பி எவரும் அடியில் படுக்கலாகாது. பிறகு மற்றொரு ஜாக்கியால் பின் அச்சைத் தாங்கிக்கொண்டு, சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரின் கீழ்முனையையும் யு போல்ட்டுகளையும் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் கவனித்தபடி அச்சைச் சற்று இறக்கினால் வில் தனியாக நிற்கும். முன்முனைப் போல்ட்டையும், பின்முனையை உடம்போடு இணைக்கும் ஷேக்கிளையும் எடுத்தால் கைக்கு வந்துவிடும். புது வில்லை ஏற்றும்போது, பட்டைகளின் நடுத்துளையில் நுழையும் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் பீடத்தில் உள்ள துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அது விலகி உட்கார்ந்தால் அச்சே கோணலாகிவிடும். யு போல்ட்டுகளைப் புதியதாகப் போட்டு, ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைமட்டும், காரைத் தரையில் இறக்கி அதன் பாரம் வில்லில் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நின்று சில மாதங்களில் கிழிந்துபோகும்.

சுருள் வில் விஷயத்தில் என் அபிப்பிராயம் வேறு. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ பாரம் கேட்கும் வில் 15 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால், 22.5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எழும் சக்தி அதற்குள் அடைபட்டிருக்கிறது. அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸரைச் சரிவர மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றியவர் முகத்தில் அந்தச் சக்தி முழுவதும் ஒரு கணத்தில் வந்து மோதும். கயிற்றாலோ கம்பியாலோ கட்டிப் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறவர்களின் துணிச்சலை நான் மெச்சமாட்டேன். வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பட்டை வில்லோடு நிற்கட்டும். சுருள் வில்லைத் தக்க உபகரணம் உள்ள பட்டறைக்கே விட்டுவிடட்டும்.

அம்பாசடரின் முறுக்குக் கம்பிக்கு வந்தால், ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931ல் உரிமை கோரிய அந்த யுக்தி மிக எளிமையானது: ஒரு முனை உடம்பில் பிணைக்கப்பட்டிருக்க, மறுமுனையைச் சக்கரத்தின் கை முறுக்குகிறது, எஃகுத் தண்டு முறுக்கை எதிர்ப்பதே வில்லாக வேலை செய்கிறது. அது ஒடிவது அபூர்வம், தளர்வதே வழக்கம். தளர்ந்தால் பிணைப்பு முனையைச் சரிசெய்து உயரத்தை மீட்கலாம். கழற்றினால் இடது, வலது என்ற அடையாளத்தை மாற்றிப் போடலாகாது, ஏனெனில் ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்குரிய திசையில் மட்டுமே முறுக்கிப் பழக்கப்பட்டது. அதன்மேல் சுத்தியலோ உளியோ படவும் கூடாது.

வில் மாற்றியதும் காரை வெறுமையாகக் கிளைச்சாலையில் மெதுவாக ஓட்டி, ஒலியைக் கவனித்துவிட்டு, சக்கரங்களின் அலைன்மென்டையும் முன்விளக்கின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை மறுபடியும் இறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காருவதால் அவை தளர்ந்திருக்கும். அப்போதே நான்கு சக்கரங்களின் உயரத்தையும் அளந்து, தேதியோடு காரின் புத்தகத்திலேயே குறித்து வைத்துவிட்டால், அடுத்த மழைக்காலம் கழிந்து மாசி, பங்குனியில் மீண்டும் அளக்கும்போது எந்த மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.